மறுபடியும் மலேசியா: குடும்பத்தோடு ஒரே நாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக விரும்புவோருக்கு

பட்டர்வொர்த்திலிருந்து வந்த படகு ஜார்ஜ் டவுன் துறையைத் தொட்டதும், ஏழு வயது மகன் என் கையை விட்டுவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினான். ஐந்து வயதில் நான்கே நாள் பார்த்த ஊர். சாலையைக் கடந்தான், ஒரு சந்தில் திரும்பினான், பூக்கடைகளின் வாசனை வந்ததும் "இங்கேதான்" என்றான். பினாங்கின் லிட்டில் இந்தியா. முன்பு ரொட்டி சாப்பிட்ட கடையில், முன்பு உட்கார்ந்த அதே மேசையில் போய் உட்கார்ந்துகொண்டான். வெளிநாட்டில் ஓர் ஊர் ஒரு சிறுவனுக்குச் சொந்த ஊராவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதன்பின் வேறு நாடு தேடுவதை நிறுத்திவிட்டோம். திருச்சியிலிருந்து இதுவரை ஆறு முறை மலேசியா போய் வந்திருக்கிறோம்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், நான்கு முறை என் மாமியாரும்.

ஆண்டுக்கு ஒரு புது நாடு என்று போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கு, பிடித்த ஒரு நாட்டுக்கே திரும்பப் போவதுதான் நல்லது என்று உறுதியாக நம்புகிறேன். அலைச்சல் குறைகிறது, செலவு குறைகிறது. விமான நிலையத்தில் தடுமாறுவதும் தெரியாத உணவுக்கு முன் விழிப்பதும் இல்லாமல் போகின்றன. அப்படி மிச்சமாகும் நேரம் முழுவதும் அந்த நாட்டுக்கே கிடைக்கிறது. அதை எப்படித் திட்டமிடுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: முதல் பயணத்தை முதல் தவணையாக நினையுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, "இனி எப்போது வரப்போகிறோம்" என்று எல்லாவற்றையும் ஏழு நாளில் அடைப்பது. கோலாலம்பூர், கெந்திங், கேமரன் மலை, பினாங்கு, லங்காவி, கூடவே சிங்கப்பூரும் இரண்டு நாள் என்று பட்டியல் நீளும். பெட்டி கட்டுவதிலும் பிரிப்பதிலுமே விடுமுறை கரைந்துவிடும். திரும்ப வருவோம் என்று முன்னதாகவே முடிவு செய்துவிட்டால் இந்தப் பதற்றம் போய்விடும். முதல் பயணத்துக்கு எட்டு அல்லது ஒன்பது நாள், தங்குமிடம் இரண்டே இரண்டு: கோலாலம்பூரில் நான்கு இரவு, பினாங்கில் நான்கு இரவு. மற்ற ஊர்கள் எங்கும் போய்விடாது.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். விமானப் பயணம் பெரியவர்களுக்குத் தாங்குமா? வீட்டில் எல்லோருக்கும் மூன்று வேளையும் சாப்பிடக் கிடைக்குமா? ஒரு முறை பார்த்து முடிக்க முடியாத அளவுக்கு அங்கே ஊர்கள் விதவிதமாக இருக்கின்றனவா? எங்களுக்கு மலேசியா மூன்றுக்கும் ஆம் என்றது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். நம்மைப் போலவே சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்கும் நாடு அது. வழி தெரியாமல் நின்றால் தமிழில் கேட்க யாராவது கிடைப்பார்கள், அதிலும் தீபகற்பத்தின் மேற்குக் கரையில்.

இரண்டாம் படி: தாள்கள்

இது சுருக்கமான வேலைதான், ஆனால் தவறக்கூடாது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலையைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்தே ஆண்டு என்பதால், திரும்பத் திரும்பப் போகும் குடும்பத்தில் யாராவது ஒருவருடையது எப்போதும் முடியும் தறுவாயில் இருக்கும். ஊர் திரும்பிய வாரத்திலேயே எல்லாப் பாஸ்போர்ட்டுகளின் முடிவு தேதியையும் நாள்காட்டியில் குறித்துவிடுவது எங்கள் வழக்கம்.

மலேசியக் குடிநுழைவுத் துறையின் மின்னியல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அல்ல. திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட உறுதிச் சீட்டையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். அதிகாரி கேட்டால் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஊரிலிருந்து கறிவேப்பிலை, மாம்பழம், செடி என்று பச்சையாக எதையும் கொண்டுபோகாதீர்கள். தாவரங்களுக்கும் பழங்களுக்கும் அங்கே தடுப்புக்காப்பு விதிகள் உண்டு. மாமியார் முதல் முறை கட்டிக்கொடுத்த ஒரு கட்டுக் கறிவேப்பிலையை வீட்டு வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டோம். அங்கே போனால் எல்லாச் சந்தையிலும் அதுவே குவிந்து கிடந்தது.

மூன்றாம் படி: நம் விடுமுறையும் அவர்கள் மழையும்

திரும்பத் திரும்பப் போகும் திட்டத்தின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மலேசியத் தீபகற்பத்துக்கு இரண்டு கரைகள், இரண்டு கரைக்கும் மழைக்காலம் வேறு வேறு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடித்து நொறுக்கும். கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வெள்ளம் வரும், பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அதே டிசம்பரில் மேற்குக் கரையின் பினாங்கும் லங்காவியும் பளிச்சென்று இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் பினாங்குப் பக்கம் நல்ல மழை.

நம் பள்ளி விடுமுறையை இதன்மேல் வைத்துப் பாருங்கள். மே மாதக் கோடை விடுமுறை கிழக்குக் கரைத் தீவுகளுக்கு. டிசம்பர் அரையாண்டு விடுமுறை பினாங்கு, லங்காவி, தைப்பிங் பக்கத்துக்கு. காலாண்டு விடுமுறையில் போவதானால் கோலாலம்பூர், மலாக்கா போன்ற ஊர்களோடு நில்லுங்கள், கடற்கரையை நம்ப வேண்டாம். சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ராவின் காட்டுத்தீப் புகை வந்து கவிந்துகொள்ளும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

கோலாலம்பூரில் எந்த மாதமானாலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டலாம். வெளி வேலைகளைக் காலையில் முடித்து, மூன்று மணிக்குமேல் கூரையுள்ள இடங்களுக்குப் போகும்படி நாளை அமைத்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் வெறித்துவிடும்.

அவர்களுடைய பண்டிகைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாளின்போதும் சீனப் புத்தாண்டின்போதும் ரயில், பஸ் டிக்கெட்டுகள் வெகுமுன்பே தீர்ந்துவிடும், கடைகள் பல மூடியிருக்கும். தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்கிலும் இருக்கும் கூட்டத்தை வாழ்க்கையில் ஒரு முறை பார்க்கத்தான் வேண்டும். தேர் வரும் தெருவில் தேங்காய் உடைப்பதைப் பார்த்தால் சிலிர்க்கும். ஆனால் தோளில் தூக்கிச் சுமக்கும் வயதுப் பிள்ளையோடு போகாதீர்கள். மூன்றாம் பயணத்துக்கோ நான்காம் பயணத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இறங்கும் நாள்

நம் ஊரிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் பல, விடியற்காலையில் அங்கே போய் இறங்கும். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஏழு என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு அது நாலரை மணி. தங்குமிடத்திலோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். முதல் பயணத்தில் இது தெரியாமல் ஒரு விடுதியின் வரவேற்பறையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மகள் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

இப்போது செய்வது இது. பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு நேராகப் பசியாறப் போகிறோம். மலேசியத் தமிழர்கள் காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று முன்பின் தெரியாதவர் கேட்பது காதுக்கு எவ்வளவு இதம்! பிறகு இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் பூங்கா. 452 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறுவதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பூங்காவில் குழந்தைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத நீர்க்குளம் ஒன்று இருக்கிறது. துண்டும் மாற்று உடையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமையன்று கோபுரத்துக்குள் விடமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயில் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கொண்டுவிடும், இரண்டாம் முனையத்திலிருந்து ஏறினால் இன்னும் ஐந்து நிமிடம். ஆனால் ஐந்து பேருக்கு டிக்கெட் எடுப்பதைவிட, கைப்பேசிச் செயலியில் ஆறு பேர் அமரும் கிராப் வண்டி பிடிப்பது மலிவு. தங்குவதற்கு பிரிக்பீல்ட்ஸ் பகுதியைச் சொல்வேன். கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், சுற்றிலும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள், தமிழ் மளிகைக் கடைகள். நம் பொடி வகைகளைக் கிலோக் கணக்கில் சுமக்கத் தேவையே இல்லை.

பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் நேராகப் போகிறது. அதுதான் கடைசி நிலையம். எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். வெயில் ஏறினால் 272 படிகளும் இரு மடங்காகத் தெரியும். 2006இல் திறக்கப்பட்ட, 42 மீட்டருக்கும் மேல் உயரமான முருகன் சிலையைக் கீழே நின்று பார்த்தே என் மாமியார் கண்கலங்கிவிட்டார். படியேறவில்லையே என்ற குறை அவருக்கு இல்லை. கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகள் விடாது, அது மட்டும் கவனம்.

ஐந்தாம் படி: சாப்பாட்டுச் சொற்கள்

பிள்ளைகளுக்கு ஒரு நாட்டைப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் தட்டில்தான் முடிவாகிறது. சில சொற்களை முன்பே பழக்கிவிடுங்கள். ஆயாம் கோழி, இக்கான் மீன், ஊடாங் இறால், டாகிங் இறைச்சி, தெலூர் முட்டை, சாயூர் காய்கறி. பெடாஸ் என்றால் காரம். பொட்டலம் கட்டித் தர 'புங்குஸ்' என்றால் போதும். தேநீரில் சும்மா 'தே' என்றால் இனிப்புக் கட்டிப்பால் கலந்து வரும், 'தே ஓ' என்றால் பால் இல்லாமல், 'தே ஓ கொசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாமல். வீட்டில் நீரிழிவுக்காரர் இருந்தால் இந்தக் கடைசிச் சொல்லை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

சைவக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி வதக்கல் என்று வரும் தட்டில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது இருக்கலாம். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறுதான், ஆனால் அதன் சம்பலில் நெத்திலி இருக்கும். சாயூர் என்று மட்டும் சொல்லி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தமிழ்ச் சைவ உணவகமோ, சீனப் பௌத்தர்களின் சைவக் கடையோ தேடிப் போவதுதான் பாதுகாப்பு. பின்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது, அசைவம் சாப்பிடும் கணவருக்கும்கூட.

மொழி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் நிறையக் குடியேறியிருக்கின்றன. கடை அங்கே கெடாய், கப்பல் கப்பால், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில். நீச்சல் குளம் 'கோலம் ரெனாங்'. அந்தக் கோலம் நம் குளமேதான். ஒவ்வொரு பயணத்திலும் பெயர்ப்பலகைகளைப் படித்துப் புதிதாக ஐந்து சொல் கண்டுபிடிப்பது எங்கள் பிள்ளைகளின் போட்டி. மகளின் பட்டியல் இப்போது இரண்டு பக்கம் தாண்டிவிட்டது.

ஆறாம் படி: பார்க்காமல் விட்டு வாருங்கள்

பினாங்கில் நான்கு நாள் இருந்தும் முதல் முறை கொடிமலைக்குப் போகவில்லை. வேண்டுமென்றே விட்டோம். ஊர் திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று தலைப்பு போட்டோம்: மறுபடி வேண்டும், இனி வேண்டாம், விட்டுவிட்டு வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் கையெழுத்தில் எழுத வேண்டும் என்பது ஒன்றே விதி. மகன் 'மறுபடி வேண்டும்' என்பதில் எழுதியது, படகு. பல ஆயிரம் ரூபாய் செலவழித்துக் காட்டியதையெல்லாம் விட்டுவிட்டு, இருபது நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படகுப் பயணத்தை எழுதியிருந்தான். அடுத்த முறை அதில் மூன்று முறை போய் வந்தோம். மாமியார் 'விட்டுவிட்டு வந்தது' என்பதில் தண்ணீர்மலை என்று எழுதினார். பினாங்கு அருவிக்கு மேலே இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயில். படிகள் 513. நான்காம் பயணத்தில் அவரை ஒரு மணி நேரம் நின்று நின்று ஏற்றிக் கூட்டிப்போனோம். அடுத்த பயணத்துக்கான திட்டம் அந்த நோட்டிலிருந்துதான் பிறக்கிறது. பயண நிறுவனங்களின் பட்டியலை நாங்கள் பார்ப்பதே இல்லை.

ஏழாம் படி: இரண்டாம் பயணம், பாதி பழையது பாதி புதியது

இரண்டாம் முறை போகும்போது முழுவதும் புதிய ஊர்களாகப் போட்டால், திரும்பப் போவதன் சுகமே இல்லாமல் போய்விடும். பழைய ஊரிலேயே எல்லா நாளும் இருந்தால் பெரியவர்களுக்குச் சலிக்கும். பாதிக்குப் பாதி என்பதே எங்கள் கணக்கு. பினாங்கை வைத்துக்கொண்டு, வழியில் ஈப்போவையும் தைப்பிங்கையும் சேர்த்தோம். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் மின்தொடர் ரயில் ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரத்தில் போய்விடும், அதே பாதை தைப்பிங் வழியாக பட்டர்வொர்த் வரை போகிறது. டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். பெட்டியில் குளிர் எலும்பை ஊடுருவும், எல்லோருக்கும் ஸ்வெட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஈப்போவுக்கு அருகே பத்து காஜாவில் கெல்லி மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததும் முடிவுறாமல் நின்றுபோன வீடு. கட்டியவர்களில் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்களிடையே விஷக்காய்ச்சல் பரவிப் பலர் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி மாரியம்மன் கோயில் ஒன்றைக் கெல்லி கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயிலின் கூரையில் தெய்வ உருவங்களோடு கோட்டும் தொப்பியும் அணிந்த அவர் உருவமும் நிற்கிறது. மாளிகையைப் பார்க்க வருபவர்கள் பலர் பக்கத்திலிருக்கும் கோயிலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். கடல் கடந்து வந்து அங்கே உழைத்து மாண்ட நம் மக்களின் நினைவு மாளிகையைவிட அந்தக் கோயிலில்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

தைப்பிங் பற்றி நிறையச் சொல்ல ஆசை. மலேசியாவில் நான் மிக நேசிக்கும் ஊர் அதுதான். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880களில் ஏரிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி வளைந்து நீரைத் தொடுகின்றன. நாட்டின் முதல் ரயில் 1885இல் இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. நாட்டின் பழமையான அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. மழை அடிக்கடி பெய்யும், ஆகவே குடை வேண்டும். விலங்குக்காட்சிச் சாலையில் இரவிலும் விலங்குகளைப் பார்க்கலாம். முதல் முறை வருகிறவர்கள் அநேகமாக யாரும் தைப்பிங்கில் இறங்குவதில்லை, பார்க்க வேண்டியவை என்ற பட்டியல்களில் அது வருவதும் குறைவு. இரண்டு நாள் அங்கே ஒன்றுமே செய்யாமல் ஏரியைச் சுற்றி நடந்தோம். அந்தச் சுகம் முதல் பயணத்தில் கிடைத்திருக்காது, அப்போது எங்களுக்கு உட்காரத் தெரிந்திருக்கவில்லை.

எட்டாம் படி: பிள்ளைகள் வளர வளர

பிள்ளைகள் நன்றாக நீந்தக் கற்றபின் மே மாதத்தில் பெர்ஹெந்தியான் தீவுகள். கோத்தா பாருவுக்கு விமானம், அங்கிருந்து ஒரு மணி நேரம் காரில் கோலா பெசூட் துறை, பிறகு விசைப்படகு. ஆமைகளையும் பவளப்பாறைகளையும் முகமூடி போட்டுக் குனிந்தே பார்க்கலாம். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்பதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தேவையான ரொக்கத்தைத் தீவுக்குப் படகேறும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கிளந்தான், திரெங்கானு, கெடா மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அலுவலக வேலை, வங்கி வேலை எதுவானாலும் அதற்கேற்ப வையுங்கள்.

வரலாற்றுப் பாடம் படிக்கும் வயது வந்தால் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு. இதற்கு நாங்கள் செய்த ஏற்பாட்டை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு பிள்ளைகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போய், கடாரம் வென்றதைச் சொல்லும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி வெட்டப்பட்ட சுவரைக் காட்டினோம். 1025இல் புறப்பட்ட கப்பற்படை போய்த் தொட்ட நாடுதான் கெடா. பிறகு அங்கே போய், ஜெராய் மலையடிவாரத்தில் சண்டி புக்கிட் பத்து பாஹாட் என்னும் கோயிலின் கல் அடித்தளத்தில் ஓடை இரைச்சலுக்கு நடுவே நின்றோம். "சோழர் வந்தது இங்கேயா?" என்று மகள் கேட்டாள். இந்தப் பகுதிக்குத்தான், ஆனால் இந்தக் கோயிலை அவர்கள் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது என்று பதில் சொன்னேன். பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. சுங்கை பட்டாணி ரயில் நிலையத்திலிருந்து கார் பிடிக்கலாம்.

மலாக்காவுக்குக் கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே பல நூற்றாண்டுகளாக வாழும் மலாக்கா செட்டிகள் தமிழ் வணிகர் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், வழிபடுவது நம் தெய்வங்களை. 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. சபா, சரவாக்கை கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவை ஒரே நாட்டின் மாநிலங்கள்தான் என்றாலும் அங்கே இறங்கும்போது மறுபடியும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

பணமும் உடம்பும்

அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள். "பத்து வெள்ளி" என்றால் திகைக்காதீர்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு பத்து ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அறை வாடகையை முன்பே கட்டியிருந்தாலும் இதைத் தனியே கேட்பார்கள், ஏமாற்று என்று சண்டை போட வேண்டாம். 'டச் என் கோ' அட்டையை ஆளுக்கொன்று வாங்கினால் கோலாலம்பூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் தட்டிவிட்டுப் போகலாம். ஊர் திரும்பியதும் அட்டைகளை பாஸ்போர்ட் உறையிலேயே போட்டு வையுங்கள், அடுத்த பயணத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். மின் செருகிக்கு மூன்று சதுர முனை மாற்றி வேண்டும், அதையும் அதே உறையில். 'டோபி' என்று பலகை மாட்டிய, நாமே காசு போட்டுத் துவைக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருப்பதால் நான்கு நாள் உடை போதும்.

மூன்றாம் பயணத்தில் ஈப்போவில் மகளுக்குக் காய்ச்சல். 'கிளினிக்' என்று பலகை உள்ள சிறிய மருத்துவமனைகளில் டாக்டர் பார்த்ததும் மருந்தையும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், ஒரே இடத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆனால் படுக்க நேர்ந்தால் தனியார் மருத்துவமனைச் செலவு வெளிநாட்டவருக்கு மிக அதிகம். பயணக் காப்பீடு இல்லாமல் ஒரு முறைகூடப் போகாதீர்கள். டெங்கு உள்ள நாடு, கொசு விரட்டும் களிம்பு கைப்பையில் இருக்கட்டும். பெரியவர்களின் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான் பழக்காலம். தெருவில் நின்று சாப்பிடுங்கள், அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான விடுதிகளில் தடை, மீறினால் அபராதம்.

மாறிப்போவதற்கும் இடம் கொடுங்கள்

திரும்பப் போகும் குடும்பங்களுக்கு மட்டும் வரும் ஒரு வருத்தம் உண்டு. நான்காம் பயணத்தில் மகன் வழக்கம்போல் முன்னால் ஓடினான். அந்த ரொட்டிக் கடை இல்லை. கதவு இழுத்துப் பூட்டியிருந்தது, பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கடை அக்கா, பெரியவர் வயதாகிவிட்டதால் மகனோடு போய் இருக்கிறார் என்றார். பையன் அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு கடைக்கு இழுத்துப்போகாமல், அந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்க விட்டோம். இப்படி நேரும்போது குழந்தைகளை உடனே சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள். ஓர் ஊரை நேசித்திருந்தால்தானே அதில் ஒரு கடை மூடியதற்கு அழுகை வரும்?

அதனால்தான் இப்போது தெரிந்தவர்களுக்கு ஊரிலிருந்து ஏதாவது கொண்டுபோகிறோம். பிரிக்பீல்ட்ஸ் விடுதி மேலாளருக்கு மணப்பாறை முறுக்கு, தைப்பிங்கில் கார் ஓட்டும் அண்ணனின் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள். அவர்கள் எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம், கைப்பேசி தொலைந்தாலும் அது தொலையாது. பொங்கலுக்கும் அவர்கள் பெருநாட்களுக்கும் ஒரு வாழ்த்து அனுப்புகிறோம். போன டிசம்பரில் அறை கிடைக்காத நேரத்தில் அந்த மேலாளர்தான் தன் உறவினர் வீட்டு மாடியில் இடம் வாங்கிக் கொடுத்தார்.

கடைசி நாளை எப்போதும் காலியாக விடுங்கள். விமானம் இரவில் என்றால், காலையில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நோட்டை எழுதும் நாள் அது. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும். ஆறாம் பயணத்தின் பக்கத்தில் 'விட்டுவிட்டு வந்தது' என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரிகள் இருக்கின்றன. மாமியாருடையது இரண்டாவது வரி: லங்காவி, கேபிள் கார், முழங்கால் வலி குறைந்தால்.